கல்லடிப் பாலத்தில் ஓர் ஆர்கேட் ஸ்டேஜ்: இக்கெமென் கோவுக்கு வரைந்து ஏற்றுவதற்கான முழு வழிகாட்டி

1981இல் வந்த டொங்கி கோங் ஆர்கேட் விளையாட்டின் திரை 224 பிக்சல் அகலம், 256 பிக்சல் உயரம். ஏணி, லிஃப்ட், துள்ளும் சுருள்வில், நெருப்புருண்டை எல்லாவற்றுக்கும் நடுவே ஒரேயொரு ஆள் ஏறிப்போக வேண்டும். அதற்கென்றே அளந்து போட்ட திரை அது. அதன் 75 மீற்றர் கட்டத்தை சுப்பர் ஸ்மாஷ் ப்ரோஸ் ப்ரௌல் 2008இல் சண்டை ஸ்டேஜாக்கியது. 2018இன் அல்டிமேட்டிலும் அது இருக்கிறது. பார்க்க அழகுதான். இறங்கி அடிபட்டால்தான் தெரியும்: கால் வைக்கிற இடமெல்லாம் துண்டு துண்டு, எதிராளி அடிப்பதைவிட ஸ்டேஜ் அடிப்பது கூட. ஒருவர் ஏறுவதற்குப் போட்ட திரையில் இருவரை மோதவிட்டால் அப்படித்தான் ஆகும்.

இங்கே நாம் செய்யப்போவது இக்கெமென் கோ என்ற சண்டை விளையாட்டு எஞ்சினுக்கு (விளையாட்டை ஓட்டும் மென்பொருளுக்கு) ஒரு ஸ்டேஜ், அதாவது வீரர்கள் மோதும் களம். ஆகவே பழைய திரையைப் பெயர்த்து ஒட்டப்போவதில்லை. அந்தக் காலத்துச் சித்திரக்காரரைக் கட்டிப்போட்டிருந்த மூன்று விதிகளை மட்டும் எடுக்கிறோம்: 8க்கு 8 பிக்சல் ஓடு (படத்தைக் கட்டும் சின்னச் சதுரத் துண்டு), ஒரு பகுதிக்கு மூன்றே நிறம், பின்னால் கறுப்பு. இடம் மட்டக்களப்பு, கல்லடிப் பழைய பாலம், பௌர்ணமி இரவு. இரும்புச் சட்டமும் கறுப்பு வானமும் சேர்ந்தாலே டொங்கி கோங்கின் சாயல் வந்துவிடும், அதிலிருந்து ஒரு பிக்சலும் எடுக்காமல். மட்டக்களப்பு வாவியில் பாடுவதாகச் சொல்லும் பாடுமீனுக்குக் காது கொடுப்பதும் நிலவு நாளில்தானே.

## என்னென்ன வேண்டும்

எலெக்பைட் குழு 1999இல் வெளியிட்ட மூகென்தான் இந்த வகை எஞ்சின்களுக்குத் தாய். எந்த விளையாட்டின் வீரரையும் எந்த விளையாட்டின் வீரரோடும் மோதவிடலாம் என்பதே அதன் கவர்ச்சி. நாம் பாவிக்கப்போவது இக்கெமென் கோ: இலவசம், திறந்த மூலம், மூகெனுக்குச் செய்த வீரர்களையும் ஸ்டேஜ்களையும் ஏற்கும், விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும்.

படம் வரைய லிப்ரேஸ்பிரைட் அல்லது கிம்ப். படங்களை ஒரே பைலாகக் கட்ட ஃபைட்டர் ஃபக்டரி. இசைக்கு ஃபமிஸ்டூடியோ. எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. டெஃப் பைலை (ஸ்டேஜின் அமைப்பை எஞ்சினுக்குச் சொல்லும் எழுத்துப் பைல்) திருத்த நோட்பேட் போதும்.

ஓர் எச்சரிக்கை. போனில் வரைந்து வட்ஸ்அப்பில் கணினிக்கு அனுப்புகிறவர்கள் படத்தைப் படமாக அனுப்பக்கூடாது. அது ஜேபெக் ஆகச் சுருங்கும். சில நிறங்களில் வரைந்த படம் ஆயிரக்கணக்கான நிறத்தோடு, ஓரமெல்லாம் அழுக்குப் படிந்து வந்து சேரும். 'டொக்கியூமன்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது கேபிள் போடுங்கள்.

## முதலில் அளவு, பிறகு தூரிகை

வரைந்து முடித்தபின் அளவு பார்ப்பவர்கள் இரண்டு தடவை வரைவார்கள். கமரா எவ்வளவு தூரம் நகரும் என்பதை முதலே தீர்மானித்தால் ஒவ்வோர் அடுக்கின் அகலமும் தானாக விழும்.

ஸ்டேஜின் அடிப்படை அளவு 320×240. கமரா நடுவிலிருந்து இடப்பக்கம் 160, வலப்பக்கம் 160 பிக்சல் நகரட்டும். வீரர் துள்ளினால் மேலே 24. மூன்று எண்ணும் 8ஆல் பிரிபடும். ஓடுகள் பாதியில் வெட்டுப்படாது.

ஒவ்வோர் அடுக்குக்கும் டெல்டா என்றொரு எண் உண்டு. கமரா 1 பிக்சல் நகரும்போது அந்த அடுக்கு எவ்வளவு நகர வேண்டும் என்பதே அது. 1 என்றால் தரையோடு சேர்ந்து நகரும், 0 என்றால் அசையவே அசையாது, இடையில் உள்ளவை தூரத்தில் இருப்பதுபோல் மெதுவாக ஊரும். தேவையான அகலம்: 320 + (2 × 160 × டெல்டா). இந்த ஸ்டேஜுக்கு அடுக்குகள் நாலு:

- வானம்: டெல்டா 0, படம் 320×240, திரையின் மேல் விளிம்பிலிருந்து 0இல் தொடங்கும்.
- அக்கரை: டெல்டா 0.25, படம் 400×40, 104இல் தொடங்கும்.
- வாவி: டெல்டா 0.5, படம் 480×88, 136இல் தொடங்கும்.
- பாலம்: டெல்டா 1, படம் 640×176, 80இல் தொடங்கும்.

உயரங்களைக் கவனியுங்கள். பாலத்தின் நடைதளம் 208இல் தொடங்குகிறது. வாவியோ 136+88, அதாவது 224 வரை இறங்குகிறது. ஏன் 16 பிக்சல் வீணாகத் தளத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும்? வீரர் துள்ளும்போது கமரா 24 மேலே போகும். பாலம் திரையில் 24 இறங்கும், வாவி அதில் பாதி, 12தான் இறங்கும். இரண்டுக்கும் இடையில் 12 பிக்சல் விரிசல் விழும். 16 மறைத்து வைத்தால் 4 மிச்சம். அக்கரையை வாவிக்குப் பின்னால் 8 பிக்சல் இறக்கியிருப்பதும் இதே கணக்கு. நின்றபடி சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படாது, துள்ளினால் மட்டும்தான் தெரியும்; அதனாலேயே பல ஸ்டேஜ்கள் இந்தக் குறையோடு வெளியே போய்விடுகின்றன.

பாலத்தின் உயரத்துக்கு 160 போதும் (80+160=240). பலத்த அடி விழும்போது எஞ்சின் திரையைக் குலுக்கும். அப்போது அடி விளிம்பு தெரியாமலிருக்க 16 கூட்டியிருக்கிறது.

வாவியின் மேல் விளிம்பை 136இல் வைத்ததற்கும் காரணம் உண்டு. வீரர்கள் பெரும்பாலும் 90 முதல் 110 பிக்சல் உயரம், பாதம் 216இல். கறுப்பு வானத்துக்கு நேரே கறுப்பு உடுப்புக்காரர் நின்றால் தலையும் கையும் மட்டும் மிதக்கும். உடம்பின் பெரும்பகுதி நீலத் தண்ணீரின்மேல் விழுந்தால் அந்தத் தொல்லை இல்லை.

## நிறத்தட்டு

வரையத் தொடங்கமுன் 16 கட்டமுள்ள ஒரே நிறத்தட்டைச் செய்து எல்லாப் படங்களுக்கும் அதையே பாவியுங்கள். 0ஆம் கட்டம் ஒளிபுகும் நிறம்: அதில் 0,255,0 (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்) பச்சையை வையுங்கள். பலர் மஜென்டா வைப்பார்கள். வேண்டாம், அந்த நிறத்துக்குப் பிறகு வேறு வேலை இருக்கிறது.

மிச்சம் வானத்துக்கு 3, கரைக்கு 3, வாவிக்கு 3, பாலத்துக்கு 3, பெயர்ப்பலகைக்கும் மீனுக்கும் சேர்த்து 3. தொடங்குவதற்கு: பாலத்தின் நிழல் 64,16,32, நடு 136,32,48, வெளிச்சம் 200,72,80. வாவி 0,48,88, 0,80,112, நிலாத் தெறிப்புக்கு 136,192,192. நின்டெண்டோவின் பழைய நெஸ் கன்சோலும் பின்னணிக்கு இப்படித்தான் பங்கிட்டது: நாலு தட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று நிறம், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று.

கிம்ப்பில் இன்டெக்ஸ்ட் முறைக்கு (தட்டிலுள்ள நிறங்களை மட்டும் பாவிக்கும் முறை) மாற்றும்போது இரண்டு பொறிகள். டிதரிங் (இல்லாத நிறத்தைப் புள்ளி கலந்து காட்டுவது) 'நன்' என்றிருக்க வேண்டும், இல்லையேல் வானத்தில் உப்புத் தூவினதுபோல் புள்ளி விழும். 'பயன்படாத நிறங்களை நீக்கு' என்ற அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். விட்டால் பச்சையே இல்லாத படத்தில் 0ஆம் கட்டத்துக்குக் கறுப்பு ஏறிவரும். பிறகு எஞ்சின் கறுப்பையெல்லாம் ஓட்டையாக்கும்.

## பாலத்தை வரைதல்

நிஜப் பாலத்தை அளந்து வரைய வேண்டாம். 640 பிக்சலைப் பத்துச் சட்டகமாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 64 அகலம், 128 உயரம். குறுக்குச் சட்டம் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகும்போது சரிவு சரியாக ஒன்றுக்கு இரண்டு: ஒரு பிக்சல் பக்கமாக, இரண்டு மேலே. சரிவு இப்படி முழு எண்ணில் இருந்தால் கோடு சீரான படியாக ஏறும். 64க்கு 120 என்று வைத்துப் பாருங்கள், சில படி ஒன்று, சில படி இரண்டு என்று கோடு நொண்டும். பிக்சல் சித்திரத்தில் தெரியும் 'பல்லு' எல்லாம் பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

ஒரு சட்டகத்தை மட்டும் ஓடு ஓடாக வரைந்து, பத்துத் தடவை பிரதி எடுங்கள். இணைப்பிடத்தில் 16×16 தகடு ஒன்று, அதில் நாலு ஆணித்தலை, ஒவ்வொன்றும் 2×2. மேல் இட மூலைப் பிக்சலில் வெளிச்ச நிறம். அவ்வளவில் இரும்பு இரும்பாகத் தெரியும். பத்தும் ஒரேமாதிரி இருந்தால் சுவர்த்தாள் ஒட்டினதுபோல இருக்கும். ஒன்றில் விளக்கு, ஒன்றில் சாய்த்து வைத்த சைக்கிள், ஒன்றில் பெயர்ப்பலகை. மூன்றுக்கு மேல் போகாதீர்கள்.

தளத்தின் மேற்பரப்பு 208 முதல் 224 வரை, அதன் கீழே முன் உத்திரம். பாதம் 216இல், அதாவது மேற்பரப்பின் நடுவில். பக்கத்திலிருந்து மட்டும் பார்ப்பதுபோல மேற்பரப்பே இல்லாமல் உத்திரத்தை வரைந்தால் வீரரின் நிழல் உத்திரத்தின் முகத்தில் வழியும். அப்படித்தான் வேண்டுமென்றால் நிழலின் அடர்த்தியை 0 ஆக்கிவிடுங்கள்.

தூண்களைத் தனி அடுக்காக்கி டெல்டா 0.9 கொடுக்கத் தோன்றும், ஆழம் கூடும் என்று. கொடுத்தால் தூணின் அடி தளத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். தரையில் ஊன்றியது எதுவானாலும் தரையோடு 1தான்.

## பலகையில் தமிழ் எழுத்து

ஆர்கேட் திரைகளில் எழுத்தெல்லாம் 8×8 ஓட்டுக்குள் அடங்கும். ஆங்கிலத்துக்கும் எண்ணுக்கும் சரி. தமிழுக்கு அந்தப் பெட்டி காணாது. 'லி'யும் 'ணை'யும் கறுப்புக் கட்டியாகிவிடும். இரண்டு ஓடு உயரம், 16 பிக்சல் எடுங்கள்: நடு 10இல் எழுத்தின் உடல், மேல் 3 புள்ளிக்கும் கொம்புக்கும், கீழ் 3 உகரச் சுழிக்கு.

'கல்லடி' என்று எழுதிப் பார்க்கலாம். க, ல், ல மூன்றும் 12 பிக்சல் அகலம், டி 14. இடைவெளி மூன்று, ஒவ்வொன்றும் 2. மொத்தம் 56. இருபக்கமும் 4 விட்டால் 64, ஒரு சட்டகத்தின் அகலம் சரியாக வந்துவிடுகிறது. 'ல்' இன் புள்ளி 2×2 ஆக இருக்கட்டும், 1 பிக்சல் வைத்தால் பலகையின் அழுக்குப்போலத் தெரியும். 'ல'வின் சுழிக்குள் குறைந்தது 2 பிக்சல் வெறுமையாக இருக்க வேண்டும். ஒன்று விட்டால் தூரத்தில் அடைபட்டுப்போகும். யுனிகோட் எழுத்துருவைச் சின்னதாக்கி ஒட்டுவது நேரம் மிச்சம்போலத் தெரியும், ஆனால் ஓரத்தில் சாம்பல் நிறங்கள் வந்து தட்டைக் கெடுத்துவிடும். கையால்தான்.

## வாவியும் மீனும்

வாவிக்கு நாலு படம். கிடையாகச் சின்னச் சின்னக் கோடு, நிலாவுக்கு நேர் கீழே தெறிப்பு நிறம் நெருக்கமாக. ஒவ்வொரு படத்திலும் கோடுகளை 2 பிக்சல் தள்ளுங்கள், சிலதை அழியுங்கள். எஞ்சின் ஒரு செக்கனுக்கு 60 டிக் எண்ணும்; படத்துக்கு 12 டிக் கொடுத்தால் நாலும் முடிய 48. இதைவிட வேகமாக்கினால் தண்ணீர் கொதிக்கிறதுபோல இருக்கும்.

அசையும் அடுக்கில் எஞ்சின் 0ஆம் நிறத்தை எப்போதும் ஒளிபுக விட்டுவிடும். வாவிப் படத்தில் தப்பித் தவறியும் பச்சை இருக்கக்கூடாது.

மீன் தனி அடுக்கு, டெல்டா 0.5, வாவிக்கு அடுத்து. 16×16 படம் ஆறு, ஒவ்வொன்றும் 5 டிக், மொத்தம் 30. அதற்கு முன் வெறும் படம் ஒன்று 570 டிக். பத்துச் செக்கனுக்கு ஒரு துள்ளல். அடிக்கடி துள்ளவிட்டால் எறியும் ஆயுதம் என்று நினைத்து விளையாடுகிறவர் குனிவார்.

## கட்டி ஏற்றுதல்

ஃபைட்டர் ஃபக்டரியில் புதிய ஸ்பிரைட் பைல் (எல்லாப் படமும் சேர்ந்த பைல்). ஒவ்வொரு படத்துக்கும் குழு எண், பட எண் என்று இரண்டு எண்: வானம் 0,0, கரை 10,0, வாவி 20,0 முதல் 20,3 வரை, மீன் 30,0 முதல் 30,6 வரை, அதில் 30,0 வெறும் படம், பாலம் 40,0. ஒவ்வொரு படத்தின் அச்சும் (படத்தை எஞ்சின் பிடித்து வைக்கும் புள்ளி) அதன் மேல் விளிம்பின் நடுவில் இருக்க வேண்டும்: வானத்துக்கு 160,0, கரைக்கு 200,0, வாவிக்கு 240,0, மீனுக்கு 8,0, பாலத்துக்கு 320,0. எஞ்சின் திரையின் மேல் நடுவைத்தான் 0,0 என்று எடுக்கும். அச்சை மூலையிலேயே விட்டால் படம் முழுதும் வலப்பக்கம் ஓடி, இடப் பாதி வெறுமையாகக் கிடக்கும்.

டெஃப் பைலைப் புதிதாக எழுத வேண்டாம். எஞ்சினோடு வரும் மாதிரி ஸ்டேஜின் டெஃப் பைலைப் பிரதி எடுத்து, ஆங்கிலச் சொற்களைத் தொடாமல் எண்களை மட்டும் மாற்றுங்கள். மேலிருந்து கீழே:

கமரா பகுதியில் பவுண்ட்லெஃப்ட் -160, பவுண்ட்ரைட் 160, பவுண்ட்ஹை -24, பவுண்ட்லோ 0, வெர்ட்டிகல்ஃபாலோ (துள்ளும் வீரரைக் கமரா எவ்வளவு பின்தொடரும் என்பது) 0.2, டென்ஷன் 50. டென்ஷன் என்பது வீரர் திரை விளிம்புக்கு எவ்வளவு கிட்ட வந்ததும் கமரா நகரத் தொடங்க வேண்டும் என்பது. வீரர் பகுதியில் முதலாமவர் -70, இரண்டாமவர் 70. (இரண்டு கரைக்கும், மட்டக்களப்பின் கொம்புமுறி விளையாட்டில் மோதும் இரு கட்சிகளைப்போல வடசேரி, தென்சேரி என்று பெயர் வைத்து விளையாடினால் கொம்புமுறிக்காரர் கோபிக்கமாட்டார்கள்.) ஸ்டேஜ் பகுதியில் ஸெட்ஆஃப்செட் (பாதம் நிற்கும் உயரம்) 216, லோக்கல்கோட் (அடிப்படை அளவு) 320,240. நிழலின் அடர்த்தி 64.

பின்னணிப் பகுதியில் முதலில் ஸ்பிரைட் பைலின் பாதை. அதன்கீழ் டீபக்பிஜி என்பதை 1 ஆக்குங்கள். பிறகு ஐந்து அடுக்கும் வானம், கரை, வாவி, மீன், பாலம் என்ற வரிசையில். பைலில் முதலில் எழுதியது திரையில் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும். வானத்துக்கு மாஸ்க் (0ஆம் நிறத்தை ஒளிபுக விடுவதா என்பது) 0, கரைக்கும் பாலத்துக்கும் மாஸ்க் 1. வாவியும் மீனும் 'அனிம்' வகை; அவற்றின் படவரிசையை டிக் எண்ணோடு தனித்தனி 'பிகின் ஆக்‌ஷன்' துண்டாக எழுத வேண்டும்.

பைலின் பெயரில் தமிழ் எழுத்தோ இடைவெளியோ வேண்டாம். லினக்ஸில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வித்தியாசம் உண்டு, ஆகவே எல்லாம் சிறிய எழுத்து. திரையில் காட்டும் பெயரையும் ஆங்கிலத்திலேயே வையுங்கள். எஞ்சினோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை, வெறும் இடம்தான் தெரியும். கடைசியாக டேட்டா போல்டரிலுள்ள செலக்ட் பைலில், 'எக்ஸ்ட்ராஸ்டேஜஸ்' தலைப்பின்கீழ் ஸ்டேஜின் பாதையை ஒரு வரியாகச் சேருங்கள்.

## சோதனை

டீபக்பிஜி 1 என்றால் எஞ்சின் ஒவ்வொரு தடவையும் திரையை மஜென்டாவால் நிரப்பிவிட்டுத்தான் அடுக்குகளைப் போடும். அதனால்தான் ஒளிபுகும் நிறத்துக்குப் பச்சை எடுத்தோம். திரையில் மஜென்டா தெரிந்தால் அங்கே படம் காணாது, அகலத்தையும் உயரத்தையும் பாருங்கள். பச்சை தெரிந்தால் படம் இருக்கிறது, மாஸ்க் போட மறந்துவிட்டீர்கள். ஒரே நிறமாக இருந்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இடக் கோடியில் நின்று பாருங்கள், அங்கேயே துள்ளிப் பாருங்கள். வலக் கோடியிலும் அப்படியே. துள்ளலில் உச்சிக்குப் போன கணத்தில் தளத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் பார்வையை வையுங்கள். திருத்திய பிறகு விளையாட்டை மூடித் திறக்கத் தேவையில்லை: ஷிஃப்ட் விசையோடு எஃப் 4 அழுத்தினால் சண்டை மறுபடி ஏறும்.

பாதம் காற்றில் மிதந்தால் ஸெட்ஆஃப்செட் எண்ணைக் கூட்டுங்கள், தளத்துக்குள் புதைந்தால் குறையுங்கள். படத்தை நகர்த்த வேண்டாம். வீரர்களில் ஒருவருக்கு மட்டும் மிதந்தால் அது அந்த வீரரின் பைலில் உள்ள குறை.

பிக்சல்கள் சில தடித்தும் சில மெலிந்தும் தெரிகின்றனவா? 1366×768 திரையுள்ள மடிகணினியாக இருக்கும். 768ஐ 240ஆல் பிரித்தால் 3.2, ஐந்து பிக்சலில் ஒன்று தடித்தே தீரும். விளையாட்டை 960×720 சாளரத்தில் ஓடவிட்டால் சரியாக மூன்று மடங்கு. எல்லாம் சரிவந்ததும் டீபக்பிஜியை 0 ஆக்க மறவாதீர்கள்.

## இசை

நெஸ் ஒலிச் சில்லில் சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, சின்ன ஒலிப்பதிவுத் துண்டுக்கு இன்னொன்று. கூத்து மத்தளத்தின் தாளக்கட்டை முக்கோணத்துக்கும் இரைச்சலுக்கும் பிரித்துக் கொடுத்தால் நன்றாகப் பிடிக்கும்: தொப்பிப் பக்கத்து அடி முக்கோணத்தில் சட்டென்று இறங்கும் சுரமாக, வலந்தலை அடி இரைச்சலில் மிகக் குறுகிய வெடிப்பாக. எம்பி3 ஆகச் சேமித்தால் பாட்டு முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் சிறு மௌனம் விழும். ஆக் வடிவத்தில் சேமியுங்கள். டெஃப் பைலின் இசைப் பகுதியில் பாதையைக் கொடுத்தால் போதும்.

பகிரும்போது ஸிப்பில் மூன்று பைல்தான்: டெஃப், ஸ்பிரைட், இசை. ஸ்டேஜஸ், சவுண்ட் என்ற போல்டர் அமைப்போடு கட்டுங்கள், வாங்குபவர் எஞ்சினின் மேல் அப்படியே விரித்துவிடலாம். உங்கள் செலக்ட் பைலை உள்ளே வைக்காதீர்கள்; அது அவருடைய வீரர் பட்டியலின் மேல் ஏறி, இருந்ததை அழித்துவிடும். சேர்க்கவேண்டிய அந்த ஒரு வரியைத் தனிக் குறிப்பாக எழுதிக் கொடுங்கள்.